நடுவில் விட்டுவைத்த பச்சைச் சதுரம்

இங்கிலாந்தின் சால்ஸ்பரி பேராலயத்தின் தெற்குப் பக்கம் ஒட்டினாற்போல ஒரு பெரிய சதுரம் இருக்கிறது. ஒரு பக்கத்தின் நீளம் சுமார் 55 மீட்டர். நான்கு பக்கமும் கல் வளைவுகள் வைத்து, கூரை போட்ட நடைகூடம். நடுவே வானம் பார்த்த புல்தரை. புல்தரையில் கிளை விரித்து நிற்கும் இரண்டு மரங்கள், விவிலியம் படித்தவர்களுக்குப் பெயரளவில் பழக்கமான அதே லீபனோன் கேதுரு. பார்த்தவுடன், இடைக்காலத் துறவிகள் அந்த மர நிழலில் உட்கார்ந்து ஜெபித்த காட்சி மனதில் ஓடும்.

அந்த மரங்கள் விக்டோரியா அரசி பட்டமேறிய 1837இல் நட்டவை. சால்ஸ்பரியில் துறவிகள் வாழ்ந்ததும் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன். இப்போதைக்கு அந்த இரண்டு மரங்களையும் மனதிலிருந்து எடுத்துவிட்டு அந்தச் சதுரத்தைப் பாருங்கள். மிஞ்சுவது புல் மட்டும்தான். பாத்தி இல்லை, பூ இல்லை, மூலிகை இல்லை.

ஐரோப்பிய மடங்களின் நடுவில் இருந்த தோட்டத்தைப் புரிந்துகொள்ள அந்தப் புல்லிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. "மடத்துத் தோட்டம்" என்றதும் நமக்குத் தோன்றுவது மூலிகைப் பாத்திகள், லாவண்டர் வாசனை, கூடையோடு குனிந்து நிற்கும் ஒரு துறவி. அப்படிப்பட்ட தோட்டங்கள் மடங்களில் உண்மையிலேயே இருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் இந்த நடுச்சதுரத்தில் இல்லை.

முதலில் பெயர்களைப் பார்த்துவிடலாம். நான்கு பக்க நடைகூடமும் நடுவில் திறந்த வெளியும் சேர்ந்த அமைப்புக்கு ஆங்கிலத்தில் கிளாய்ஸ்டர் என்று பெயர். லத்தீனில் கிளௌஸ்ட்ரும். தாழ்ப்பாள், அடைத்த இடம் என்று பொருள். நடுவில் இருக்கும் திறந்த வெளிக்கு மட்டும் தனியாக கார்த் என்று ஒரு சொல் உண்டு. அது வடக்கு ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. வேலியடைத்த நிலம் என்று பொருள். ஆங்கிலத்தின் கார்டன், யார்ட் இரண்டும் அந்தக் குடும்பத்துச் சொற்களே. இந்தக் கட்டுரையில் நடைகூடத்தைச் சுற்றுக்கூடம் என்றும், நடுவெளியை முற்றம் என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தின் சிச்செஸ்டர் பேராலயத்தில் சுற்றுக்கூடத்துக்குள் இருக்கும் பசும்புல் வெளிக்குப் 'பாரடைஸ்' என்று பெயர். அது பழைய இரானிய மொழியில் சுற்றுச்சுவர் எழுப்பிய இடத்தைக் குறித்த சொல். கிரேக்கத்துக்குப் போய்ப் பூங்காவானது, விவிலியத்துக்குள் நுழைந்து ஏதேன் தோட்டமும் சொர்க்கமும் ஆனது. தமிழ் விவிலியத்தில் சிலுவையில் தொங்கும் கள்வனிடம் இயேசு சொல்கிறாரே, "பரதீசு", அதுவும் இதே சொல்தான். ஆக, பரதீசு என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு மதில் இருக்கிறது.

ஏன் அடைத்தார்கள்?

இத்தாலியில் 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெனடிக்ட், துறவிகளுக்காக ஓர் ஒழுங்குமுறை எழுதினார். மேற்கு ஐரோப்பாவின் மடங்களில் பெரும்பாலானவை பின்னாளில் பின்பற்றியது அதைத்தான். அதன் 66ஆம் அத்தியாயத்தில் ஒரு நடைமுறைக் குறிப்பு வருகிறது. தண்ணீர், மாவரைக்கும் ஆலை, தோட்டம், கைத்தொழில்கள் எல்லாம் முடிந்தவரை மடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். துறவிகள் வெளியே அலைய வேண்டிய தேவை வரக்கூடாது, அது அவர்கள் ஆன்மாவுக்கு நல்லதல்ல என்கிறார்.

வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. மனிதனுக்குக் காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும், கால் நீட்டி நடக்க இடம் வேண்டும். 9ஆம் நூற்றாண்டில் பெனடிக்டின் ஒழுங்குமுறைக்கு உரை எழுதிய ஹில்டெமார் என்ற துறவி, சுற்றுக்கூடம் நூறடிக்குக் குறையக்கூடாது என்கிறார். இடம் சிறியதாக இருந்தால் துறவி ஏதாவது காரணம் சொல்லி வெளியே போவார், வெளியாட்களோடு பேச்சு வளர்ப்பார் என்பது அவர் கவலை. எனக்கு இந்தக் குறிப்பு மிகவும் பிடிக்கும். அடைத்து வைப்பவர்களே, அடைபட்டவருக்கு எவ்வளவு வானம் தேவை என்று அளந்து பார்த்திருக்கிறார்கள்.

அந்தச் சதுரத்தைச் சுற்றித்தான் ஒரு துறவியின் முழு நாளும் நடந்தது. வழக்கமான அமைப்பு இப்படி இருக்கும்: வடக்குப் பக்கம் ஆலயம். கிழக்குப் பக்கம் தினமும் கூடும் கூட்ட அறை, அதற்கு மேலே எல்லோரும் படுக்கும் கூடம். நள்ளிரவு ஜெபத்துக்கு நேரே ஆலயத்துக்குள் இறங்க அங்கிருந்து ஒரு படிக்கட்டு. ஆலயத்துக்கு எதிரே தெற்கில் சாப்பாட்டுக் கூடம், அதன் வாசலருகே கை கழுவும் தொட்டி. மேற்கில் தானியமும் எண்ணெயும் வைக்கும் களஞ்சியம். பகலில் ஏழு முறை, இரவில் ஒரு முறை என்று ஜெபத்துக்குப் போவதும் வருவதும் எல்லாம் இந்தச் சுற்றுக்கூடம் வழியாகத்தான். கூரை இருப்பதால் மழையிலும் பனியிலும் நனையாமல் போகலாம்.

சுற்றுக்கூடம் வெறும் வழி மட்டுமல்ல, குடியிருக்கும் கூடமும் அதுதான். குளோஸ்டரில் (1540 வரை அது துறவி மடம், அடுத்த ஆண்டில் பேராலயமானது) ஆலயச் சுவரை ஒட்டிய பக்கத்தில் 20 சிறு மாடங்கள் வரிசையாக இருக்கின்றன. மாடத்துக்கு ஒரு துறவி உட்கார்ந்து படிக்கவும் எழுதவும் செய்த இடம் அது. ஒவ்வொன்றுக்கும் முற்றத்துப் பக்கமாகச் சிறிய ஜன்னல். அதே சுற்றுக்கூடத்தில் நீண்ட கல் தொட்டி, எதிரே துண்டு தொங்கவிட ஒரு மாடம். கல் பெஞ்சுகளில் ஒன்பது காய் வைத்து ஆடும் ஆட்டத்தின் கட்டங்களை யாரோ கீறி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கல் திண்ணைகளில் ஆடுபுலி ஆட்டக் கோடு இருக்குமே, அதைப்போல. சால்ஸ்பரியிலும் வெஸ்ட்மின்ஸ்டரிலும்கூட அதே கீறல்கள் உண்டு.

அந்த முற்றத்தின் நான்கு ஓரத்திலும் பெரும்பாலும் ஒரு தாழ்வான சுவர் ஓடும். தூண்கள் நிற்பது அதன் மேல்தான். உள்ளே இறங்கச் சில இடைவெளிகளே உண்டு. ஆக, நாளெல்லாம் அந்தப் பச்சையைச் சுற்றி நடந்தார்கள், அதைப் பார்த்தபடி படித்தார்கள்.

மூலிகைகள் எங்கே இருந்தன?

இதற்கு நமக்கு ஓர் அருமையான சாட்சி கிடைத்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் செயின்ட் கால் மடத்து நூலகத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. ஐந்து தோல் துண்டுகளைத் தைத்துச் சேர்த்தது. சுமார் 112 சென்டிமீட்டர் நீளம், 77 சென்டிமீட்டர் அகலம். 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பக்கத்து ரைஷெனாவ் தீவு மடத்தில் வரைந்து, செயின்ட் கால் மடத் தலைவர் கோஸ்பெர்டுக்கு அனுப்பியது. ஒரு மடத்துக்கு என்னென்ன வேண்டும் என்பதைக் கட்டடம் கட்டடமாக, கோழிக்கூடு வரைக்கும், எழுதியே காட்டியிருக்கிறார்கள். அப்படியே ஒரு மடம் கட்டப்படவில்லை. ஆனால் அந்தக் காலத்து மனதில் ஒரு முழு மடம் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை. 12ஆம் நூற்றாண்டில் யாரோ ஒரு துறவி அதன் பின்பக்கத்தில் புனித மார்ட்டினின் வரலாற்றை எழுதி, மடித்துப் புத்தகம்போல் ஆக்கிவிட்டார். அதனாலேயே அது பிழைத்தது என்றும் சொல்லலாம்.

அதில் பச்சை இடங்கள் நான்கு வகை. நோயாளிகள் கூடத்துக்கும் மருத்துவர் வீட்டுக்கும் பக்கத்தில் மூலிகைத் தோட்டம், 16 பாத்திகள். பாத்திக்குப் பாத்தி செடியின் பெயர் உண்டு. அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு நம் அஞ்சறைப் பெட்டியைத் திறந்ததுபோல் இருந்தது: வெந்தயம், சீரகம், பெருஞ்சீரகம், புதினா. கூடவே அருவதா, ரோஸ்மேரி, சேஜ், லில்லி, ரோஜா. லில்லியும் ரோஜாவும் அன்றைக்கு மருந்துச் செடிகள்.

அடுத்து, காய்கறித் தோட்டம், 18 பாத்திகள். வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி, முள்ளங்கி, கருஞ்சீரகம், லெட்டூஸ், முட்டைகோஸ் வகை. அருகிலேயே தோட்டக்காரர் வீடு. மூன்றாவது, இறந்த துறவிகளை அடக்கம் செய்யும் இடம். அதுவே பழத்தோட்டமும்கூட. நடுவில் சிலுவை, கல்லறைகளுக்கிடையே ஆப்பிள், பேரி, அத்தி, பாதாம், வால்நட், முசுக்கட்டை மரங்கள். இவை மூன்றும் மடத்தின் ஓரமாக இருக்கின்றன.

நான்காவதுதான் நம் சுற்றுக்கூடத்து முற்றம். நான்கு பக்கத்திலிருந்தும் நான்கு பாதைகள் வந்து நடுவில் சேர்கின்றன. சேரும் இடத்தில் "சாவினா" என்று ஒரே ஒரு சொல், அது ஒரு வகை ஜூனிப்பர் செடி. மற்ற மூன்று இடங்களில் செடிக்குச் செடி, மரத்துக்கு மரம் பெயர் எழுதியிருந்தும், மடத்தின் நட்டநடுவில் இருக்கும் இந்தப் பெரிய இடத்தில் வேறெந்தப் பயிரையும் எழுதவில்லை.

இங்கிலாந்தின் கேன்டர்பரி மடத்திலும் இதே கதைதான். அங்கே 12ஆம் நூற்றாண்டில் மடத்துக்குள் வந்த தண்ணீர்க் குழாய்களைக் காட்ட வரைந்த ஒரு படம் இருக்கிறது. அதில் மூலிகைத் தோட்டம் என்று எழுதியிருப்பது நோயாளிகள் கூடத்துப் பக்கம், பெரிய முற்றத்தில் அல்ல.

மூலிகைத் தோட்டக்காரர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். ரைஷெனாவ் மடத் தலைவராக இருந்த வாலாஃப்ரிட் ஸ்ட்ராபோ அந்தக் காலத்திலேயே தன் தோட்டத்தைப் பற்றி லத்தீனில் 444 வரிகளில் ஒரு கவிதை எழுதினார். வசந்தத்தில் தன் வாசல் நிலம் முழுக்கக் காஞ்சொறி மண்டிக் கிடந்ததையும், அதன் வேர்ப்பின்னலைப் பிடுங்கி எறிந்ததையும் சொல்லித்தான் கவிதை தொடங்குகிறது. பிறகுதான் சேஜ், அருவதா, பெருஞ்சீரகம் எல்லாம். கையில் மண் ஒட்டாதவர் எழுதக்கூடிய வரிகள் அல்ல அவை.

அப்படியானால் புல் எதற்கு?

கண்ணுக்கு. இது நான் அழகுக்காகச் சொல்வதல்ல, அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ஃபூயுவா ஹியூ என்ற துறவி, சுற்றுக்கூடத்தையே ஆன்மாவின் உருவகமாக வைத்து ஒரு நூல் எழுதினார். சுற்றுக்கூடத்தின் நடுவில் உள்ள பசும்புல், உள்ளே வாழ்பவர்களின் கண்களைக் குளிர்விக்கிறது, படிக்கும் ஆசை திரும்ப வருகிறது என்பது அதில் அவர் சொல்லும் கருத்து. மாடத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகத் தோல் ஏட்டில் எழுத்தெழுத்தாகப் பிரதி எடுப்பவர் தலை தூக்கினால் பார்வை போய் விழ ஓர் இடம் வேண்டும். அது பார்வையை இழுத்துப் பிடித்து வைக்கக்கூடாது, இளைப்பாறவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குப் புல்லைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

அதே காரணத்தால்தான், கல்லில் செதுக்கிய உருவங்கள் குறித்து ஒரு பெரிய சண்டையே நடந்தது. பல சுற்றுக்கூடங்களின் தூண் தலைப்புகளில் சிற்பங்கள் நிறைந்திருக்கும். பிரான்சின் மொய்சாக்கில் 1100இல் முடிந்த சுற்றுக்கூடத்தில் மட்டும் 76 தூண் தலைப்புகள். சிசிலியின் மொன்ரியாலேயில் 228 தூண்கள், இரண்டிரண்டாக. சிஸ்டெர்சியன் துறவற சபையின் புனித பெர்னார்து 1125 வாக்கில் இதைக் கடுமையாகக் கேட்டார்: படித்துக்கொண்டிருக்கும் சகோதரர்களின் கண்ணெதிரே குரங்கும் சிங்கமும் பாதி மனிதன் பாதி மிருகமும் எதற்கு? இவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் புத்தகத்தைவிட்டுக் கல்லையே படிக்கத் தோன்றுமே! அந்தச் சபையின் ஃபோன்தெனே, லெ தொரோனே மடங்களைப் பார்த்தால் அவர் எதிர்பார்த்தது புரியும். செதுக்கல் அதிகம் இல்லாத கல், நிழல், நடுவில் வெளிச்சம். சிற்பங்களை நேசிப்பவன்தான் நான். ஆனாலும் லெ தொரோனேயின் படங்களைப் பார்க்கும்போது பெர்னார்து பக்கம் சாய்ந்துவிடுகிறேன்.

அந்தப் புல்லை எப்படி உண்டாக்கினார்கள்? 13ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் ஆல்பெர்ட் (பின்னாளில் புனிதர் பட்டம் பெற்றவர்) செடிகளைப் பற்றிய தன் நூலில் இன்பத் தோட்டம் ஒன்றை அமைக்க வழி சொல்கிறார். அவர் எழுதியது பொதுவான தோட்டத்துக்கு, மடத்து முற்றத்துக்கென்று அல்ல. ஆனால் அக்காலத்து முறை தெரிகிறது. நிலத்திலுள்ள வேர்களை எல்லாம் முதலில் தோண்டி எடுக்க வேண்டும். பிறகு மிச்சமிருக்கும் வேரும் விதையும் முளைக்காதபடி கொதிக்கும் தண்ணீரை நிலம் முழுக்க ஊற்ற வேண்டும். வேறிடத்திலிருந்து மண்ணோடு வெட்டி எடுத்த புல் பத்தைகளைப் பரப்பி, மரச் சுத்தியலால் அடித்து, மிதித்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அமுக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக மயிரிழை போலப் புல் மேலே வரும். அவரும் கண்ணைத்தான் காரணமாகச் சொல்கிறார்: நுண்ணிய, குட்டையான புல்லைப்போலப் பார்வைக்கு இதம் தருவது வேறொன்றில்லை என்று.

பச்சைக்கு மேலே அர்த்தங்களும் ஏறின. நான்கு பாதைகள் நடுவில் கூடினால் அது சிலுவை. ஏதேனிலிருந்து நான்காகப் பிரிந்த ஆறும்கூட. விவிலியத்தின் உன்னதப்பாட்டில் காதலியை அடைக்கப்பட்ட தோட்டம் என்று பாடும் வரியை, கன்னி மரியாவைக் குறிப்பதாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எல்லா முற்றத்திலும் நான்கு பாதையும் ஊற்றும் இருந்தன என்று நினைத்துவிடக்கூடாது. மொன்ரியாலேயில் ஊற்று ஒரு மூலையில் இருக்கிறது. லெ தொரோனேயில் சதுரமே சரியான சதுரம் இல்லை; மலைச்சரிவு விட்ட இடத்துக்கு வளைந்து கொடுத்திருக்கிறார்கள்.

வெயில் பற்றிய ஒரு சின்னக் கணக்கு

ஆலயத்துக்குத் தெற்கே முற்றம் என்று மேலே சொன்னேன். தமிழ்நாட்டில் உச்சி வெயில் தலைக்கு மேலே இருப்பதால் இதன் முக்கியத்துவம் நமக்கு உடனே பிடிபடாது. சால்ஸ்பரி 51 டிகிரி வடக்கே இருக்கிறது. டிசம்பர் நடுப்பகலில்கூட அங்கே சூரியன் தொடுவானத்திலிருந்து 15 டிகிரி அளவுக்குத்தான் ஏறும். 20 மீட்டர் உயரச் சுவர் ஒன்றின் நிழல் அப்போது வடக்கே 70 மீட்டரைத் தாண்டி விழும். ஆலயத்துக்கு வடக்கே முற்றம் கட்டினால் குளிர்காலம் முழுக்க அதில் வெயிலே படாது. தெற்கே கட்டினால் வெயிலும் கிடைக்கும், உயரமான ஆலயச் சுவர் வடக்குக் குளிர்காற்றையும் தடுக்கும். ஆலயச் சுவரை ஒட்டிய பக்கமே படிக்கும் பக்கமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

குளோஸ்டரிலும் கேன்டர்பரியிலும் முற்றம் வடக்கேதான். இரண்டு இடத்திலும் ஆலயத்துக்குத் தெற்கே நகரம். சந்தைச் சத்தத்துக்கும் வெயிலுக்கும் நடுவே, அவர்கள் சத்தமில்லாத பக்கத்தைத் தேர்ந்துகொண்டார்கள்.

விதிவிலக்குகள்

சால்ஸ்பரிக்குத் திரும்பலாம். அங்கே இருந்தவர்கள் மடத்துத் துறவிகள் அல்லர், தனித்தனி வீடுகளில் வாழ்ந்த பேராலயக் குருக்கள். சேர்ந்து படுக்கவோ சாப்பிடவோ அவர்களுக்குச் சுற்றுக்கூடம் தேவையில்லை. ஆனாலும் 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பேராலயங்களிலேயே பெரியதைக் கட்டினார்கள். பவனி செல்ல, நிழலில் நடக்க, இறந்தவர்களை அடக்கம் செய்ய அது பயன்பட்டது. ஒரு பேராலயம் என்றால் அது இருந்தாக வேண்டும் என்ற எண்ணமும் இருந்திருக்கும். வாழ்க்கைமுறை இல்லாத இடத்துக்கும் வடிவம் மட்டும் பயணப்பட்டுவிட்டது.

பிரான்சின் மோன் சான் மிஷேல் கடல் நடுவே நிற்கும் பாறை மடம். அங்கே சமநிலமே கிடையாது. அதனால் 13ஆம் நூற்றாண்டில், கீழே களஞ்சியம், அதன் மேல் தூண்கள் நிறைந்த கூடம், அதற்கும் மேலே சுற்றுக்கூடமும் முற்றமும் என்று அடுக்கிக் கட்டினார்கள். இன்றைய பேச்சில் மொட்டைமாடித் தோட்டம். பாரத்தைக் குறைக்க மெல்லிய தூண்களை இரண்டு வரிசையாக, நேருக்கு நேர் நிற்காமல் மாறி மாறி நிறுத்தினார்கள். இடமே இல்லாத பாறையிலும் அந்தப் பச்சைச் சதுரத்தை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

1084இல் புனித புரூனோ தொடங்கிய கார்த்தூசியன் துறவிகள் வேறு வழியில் போனார்கள். அவர்கள் தனிமை விரும்பிகள். பெரிய முற்றத்தைச் சுற்றி ஆளுக்கொரு சிறிய வீடு, வீட்டுக்கொரு மதில் போட்ட தனித் தோட்டம். இங்கிலாந்தின் மவுண்ட் கிரேஸ் மடத்தில் அப்படியொரு வீட்டையும் தோட்டத்தையும் மறுபடி அமைத்திருக்கிறார்கள். தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாத மனிதருக்கு, தானே கொத்திப் பயிரிட ஒரு துண்டு நிலம் மட்டும் இருந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று?

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1536க்கும் 1540க்கும் இடையில் மடங்களை மூடினார். பேராலயங்களாக மாறிய சில பிழைத்தன. பல இடங்களில் கல்லையும் கூரை ஈயத்தையும் பெயர்த்து எடுத்துச் சென்றார்கள். பிரான்சில் புரட்சிக்குப் பிறகு அதே நிலை. கைவிடப்பட்ட பிரெஞ்சு மடங்களின் தூண்களையும் தலைப்புகளையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் கிரே பர்னார்ட் என்ற அமெரிக்கச் சிற்பி வாங்கிச் சேர்த்தார். அவை நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் கிளையாக 1938இல் திறந்த 'தி கிளாய்ஸ்டர்ஸ்' கட்டடத்தில் மறுபடி நிற்கின்றன. அங்கே ஒரு முற்றத்தில் இடைக்கால மூலிகைகளைப் பாத்தி கட்டி, பெயர் எழுதி வளர்க்கிறார்கள். மக்களுக்குச் செடிகளைக் காட்டிக் கற்பிக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் சுற்றுக்கூடம் என்றால் மூலிகைத் தோட்டம் என்ற எண்ணம் நம் மனதில் பதிந்ததில் இதுபோன்ற இடங்களுக்கும் பங்குண்டு.

பார்சிலோனா பேராலயத்தின் முற்றத்தில் வாத்துகளே வாழ்கின்றன. புனித எயுலாலியா 13 வயதில் உயிர்த்தியாகம் செய்ததன் நினைவாகப் 13 வெள்ளை வாத்துகள். பனை வகை மரங்களுக்கு நடுவே, குளத்துத் தண்ணீரில், நகரத்தின் இரைச்சலிலிருந்து ஒரே ஒரு சுவர் தள்ளி.

இப்படியொரு முற்றத்துக்குப் போகும் வாய்ப்பு யாருக்காவது கிடைத்தால், நடுவில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். ஆலயச் சுவரை ஒட்டிய பக்கத்துக்குப் போய்க் கல் பெஞ்சில் உட்காருங்கள். கையில் ஒரு புத்தகம் இருக்கட்டும், சின்ன எழுத்தில் அச்சிட்டதாக. கண் வலிக்கும்வரை படித்துவிட்டு, பிறகு தலையைத் தூக்கிப் பாருங்கள்.